ராணுவம் கழித்த யூனிமாக்கில் வீடு கட்டுவது: எடையும் சேஸும் முதலில், மெத்தை அப்புறம்

ரூர்க்கரை:

ஜெர்மன் ராணுவம் கழித்துவிட்ட யூனிமாக் யு1300எல் என்ற மெர்சிடிஸ் நான்கு சக்கர இயக்க லாரியை வாங்கி, பின்னால் பெட்டி ஏற்றி, அதிலேயே சமைத்துத் தூங்கி, தார்ச்சாலை முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் இங்கே கொஞ்சம் பேர் இருக்கிறோம். தனிச்செய்தியில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் வண்டி கட்டி முடிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே இருப்பதில் பாதி என் கையால் செய்தது, மீதி இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் நின்று பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எல்லாரும் உள்ளே மரவேலை எப்படி, குளியலறை எங்கே, சோலார் எத்தனை வாட் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் பிறகு மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதவை இரண்டுதான்: வண்டி முழுதாகக் கிளம்பும்போது என்ன எடை இருக்கும், பெட்டி சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சரியில்லை என்றால் உள்ளே தேக்கு போட்டாலும் அந்த வண்டி தாங்காது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. இது 435 வரிசை, 1970களின் பிற்பாதியிலிருந்து ராணுவத்துக்குப் போனது. ஓஎம்352ஏ என்ற 5.7 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ டீசல், 130 குதிரைத்திறன். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, பம்ப்பும் இன்ஜெக்டரும் தெரிந்த எந்த லாரி மெக்கானிக்கும் கை வைக்கலாம். நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங், நான்கிலும் டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக், அதாவது ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினாலும் மறுபக்கத்தையும் சுழல வைக்கும் பூட்டு. ஆக்சில் போர்ட்டல் வகை. ஆக்சில் குழாய் சக்கரத்தின் மையத்தை விட உயரத்தில் ஓடுகிறது, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி அந்த உயரத்தைக் கீழே இறக்கிக் கொடுக்கிறது. அதனால் வண்டியின் வயிறு பாறையில் தட்டாது. குறை என்றால் வேகம். 80 கிலோமீட்டர்தான் அதன் இயல்பு, கேபினில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும், 100 கிலோமீட்டருக்கு 20 முதல் 25 லிட்டர் டீசல் குடிக்கும்.

இப்போது எடை. இந்த வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7.5 டன், ஐரோப்பாவில் சிறிய லாரிகளுக்கான சி1 ஓட்டுநர் உரிமத்தின் எல்லையும் அதுதான். என் கணக்கை அப்படியே தருகிறேன், எல்லாம் ஏறத்தாழ. பழைய சரக்குத் தட்டைக் கழற்றிய பிறகு சேஸும் கேபினும் 4400 கிலோ. பெட்டிக்கும் சேஸுக்கும் நடுவே வரும் துணைச்சட்டம் 250. காலிப் பெட்டி 750. மரவேலை, சமையல், தண்ணீர்க் குழாய் எல்லாம் 500. பேட்டரி, சோலார், வயரிங் 150. தண்ணீர் 200. 300 லிட்டர் டீசல் 250. ஸ்டெப்னியும் அதைத் தாங்கும் கொக்கியும் 150. இரண்டு பேர் 150. துணிமணி, சாப்பாடு, கருவிகள், மணலில் போடும் பலகை, ஜாக்கி 300. கூட்டினால் 7100. மிச்சம் 400 கிலோதான். மரவேலையை 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்திருந்தால் அந்த மிச்சமும் போயிருக்கும்.

காகிதத்தில் கூட்டுவது போதாது. ஒவ்வொரு கட்டத்திலும் எடை மேடைக்குப் போங்கள், மொத்தத்தை மட்டும் பார்க்காமல் முன் ஆக்சில் தனி, பின் ஆக்சில் தனி, முடிந்தால் இடது வலது தனி என்று போடுங்கள். டேங்க், பேட்டரி, சமையல் மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் வண்டி நிரந்தரமாகச் சாய்ந்து நிற்கும், சரிவுப் பாதையில் அது உயிருக்கே ஆபத்து.

பட்டறைவாசி:

அருமையான தொடக்கம் சார். நான் திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் தொழிலில் இருப்பவன், உங்கள் வண்டியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு சந்தேகம். நாங்கள் சேஸ் மேல் நீளவாக்கில் ரன்னர் வைத்து, நடுவில் மரக்கட்டையோ ரப்பரோ கொடுத்து, யூ-போல்ட் போட்டு இறுக்கிவிடுவோம். பாடியும் சேஸும் ஒன்றாக முறுகும், ஒன்றாக நிமிரும். சரக்குப் பாடி என்பதால் பலகை கொஞ்சம் விலகினாலும் பாதகமில்லை. நீங்கள் வைப்பது நான்கு பக்கமும் மூடிய பெட்டி, கண்ணாடி, கதவு எல்லாம் உள்ளது. பட்டை ஸ்பிரிங் போட்ட லாரியிலேயே முறுக்கம் தெரியும்போது சுருள் ஸ்பிரிங் வண்டியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? துணைச்சட்டத்தை விவரமாக எழுதுங்கள்.

ரூர்க்கரை:

இந்த இழையில் வர வேண்டிய கேள்வியே இதுதான் சார், நன்றி.

யூனிமாக்கின் சேஸ் வேண்டுமென்றே முறுகும்படி செய்யப்பட்டது. சி வடிவ இரும்பு, வளைந்து ஏறி இறங்கும் சட்டம், நடுவில் குழாய் வடிவக் குறுக்குச் சட்டங்கள். இடது முன் சக்கரம் ஒரு பாறை மேல் ஏறி, வலது பின் சக்கரமும் இன்னொன்றின் மேல் ஏறும்போது ஸ்பிரிங் கொஞ்சம் கொடுக்கும், மீதியை சேஸ் முறுகிக் கொடுக்கும். அதனால்தான் நான்கு சக்கரமும் தரையை விடாமல் இருக்கின்றன. ஆனால் பெட்டி முறுகாது. முறுகாத பெட்டியை முறுகும் சேஸில் நான்கு மூலையிலும் இறுக்கிப் பூட்டினால் இரண்டில் ஒன்று தோற்க வேண்டும். முதலில் கதவு இறுகும், அப்புறம் ஜன்னல் ஓரப் பசை பிரியும், பிறகு பெட்டி மூலையிலோ சேஸின் போல்ட் துளையிலோ விரிசல் வரும்.

எனவே பெட்டிக்குக் கீழே தனியாக ஒரு விறைப்பான துணைச்சட்டம் செய்து, அந்தச் சட்டத்தை சேஸ் முறுகும்போது தன்பாட்டில் இருக்கும்படி தாங்க வேண்டும். பழக்கத்தில் இருப்பவை மூன்று வழிகள்.

மூன்று புள்ளித் தாங்கல் என்றால் ஒரு முனையில் இரண்டு பக்கமும் இரண்டு தாங்கிகள், மறுமுனையில் சேஸின் நடுக்கோட்டில் ஒரே ஒரு சுழல் மூட்டு. மேடுபள்ளத் தரையில் முக்காலி ஆடாமல் நிற்பதைப் போல மூன்று புள்ளியில் நிற்பது எதுவும் முறுக்கப்படாது. எளிமையானது, எடை குறைவு. ஆனால் ஒரு முனையின் சுமை முழுவதும் ஒரே மூட்டில், அதுவும் ஒரே குறுக்குச் சட்டத்தின் நடுவில் விழுகிறது. குதித்துக் குதித்துப் போகும் பாதையில் அந்தக் குறுக்குச் சட்டம்தான் முதலில் களைக்கும்.

இரண்டாவது, சாய்சதுர வடிவ நான்கு புள்ளி. முன் நடுவில் ஒரு சுழல் மூட்டு, பின் நடுவில் ஒன்று, வண்டியின் இடையில் இடமும் வலமும் இரண்டு தாங்கிகள். முன் பகுதி ஒரு பக்கமும் பின் பகுதி எதிர்ப்பக்கமும் முறுகும்போது நடுப்பகுதி கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கும், பெட்டி அந்த நடுநிலையைப் பிடித்துக்கொள்ளும். சுமையும் நான்காகப் பிரிகிறது. என் வண்டியில் இதுதான். யூனிமாக்கில் நீளமான பெட்டிக்கு என் தேர்வு எப்போதும் இதுவே.

மூன்றாவது, நீங்கள் செய்வதற்குக் கொஞ்சம் நெருங்கியது. துணைச்சட்டத்தைப் பின்பக்கம் கெட்டியாகப் பூட்டி, முன்பக்க போல்ட்டுகளில் ஸ்பிரிங் வைப்பது. சேஸ் முறுகும்போது சட்டம் சேஸை விட்டு மேலே எழும், பிறகு ஸ்பிரிங் இழுத்து உட்கார வைக்கும். மேல்பக்கம் நேராக ஓடும் சேஸ் உள்ள மெர்சிடிஸ் 1017 போன்ற லாரிகளுக்கு இது நல்ல வழி. வளைந்த சட்டம் உள்ள யூனிமாக்குக்கு ஒத்துவராது.

எந்த வழியானாலும் சேஸின் மேல் கீழ் விளிம்புகளில் துளை போடக்கூடாது, நீளச் சட்டத்தில் வெல்டிங் கூடாது. ஏற்கனவே இருக்கும் துளைகளையும் தாங்கிகளையும் பயன்படுத்துங்கள். இங்கே ஜெர்மனியில் பதிவுக்கான பரிசோதனையில் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. கேபின் ஒரு மாதிரி அசையும், பெட்டி வேறு மாதிரி அசையும். இரண்டுக்கும் நடுவில் தவழ்ந்து போக வழி வைத்தால் அது மடிப்பு ரப்பராக இருக்க வேண்டும், எல்லாத் திசையிலும் தாராளமாக நகர இடம் வேண்டும். சாதாரணச் சாலையில் அளந்து வைத்த இடைவெளி பாறைப் பாதையில் போதாது. ஒரு பக்க முன் சக்கரத்தையும் எதிர்ப்பக்கப் பின் சக்கரத்தையும் மேடையில் ஏற்றி வைத்து அளப்பதுதான் சரி.

எட்டுசிலிண்டர்:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. மேன் கேட்1 என்ற ராணுவ லாரியை எடுங்கள். அதன் சேஸ் பெட்டிக் குறுக்குவெட்டு உள்ள விறைப்பான சட்டம், முறுகவே முறுகாது. அசைவு முழுவதையும் நீண்ட சுருள் ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும். பெட்டியை நேராக வைத்து இறுக்கிவிடலாம், சுழல் மூட்டு, ஸ்பிரிங் போல்ட் எதுவும் வேண்டாம். காற்றால் குளிரும் டாய்ட்ஸ் வி8 என்ஜின், 256 குதிரைத்திறன். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் உறையுமோ கொதிக்குமோ என்ற கவலை இல்லை. 14.00 ஆர்20 டயர் உலகத்தில் பல இடங்களில் லாரிக்காரர்களிடம் கிடைக்கும். 5 டன் சரக்கு ஏற்றப் பிறந்த வண்டி, நீங்கள் கிலோ கிலோவாகப் பிளைவுட் கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தைகளோடு நீண்ட பயணம் போகிறவர்களுக்கு நான் யூனிமாக்கைச் சொல்லவே மாட்டேன்.

ரூர்க்கரை:

கேட்1 சேஸைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, பெட்டி கட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல அடித்தளம் இல்லை. ஆனால் நான்கு சக்கர கேட்1 காலியாக நிற்கும்போதே 7.5 டன்னைத் தாண்டிவிடுகிறது. பெரிய லாரிகளுக்கான சி உரிமம் கட்டாயம். 7.5 டன்னுக்கு மேல் போனால் வீட்டு வண்டியாகவே பதிவு செய்திருந்தாலும் ஜெர்மன் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வேக எல்லை 80, ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 60. அதற்குக் கீழே இருந்தால் 100ம் 80ம். 1999க்கு முன் ஜெர்மனியில் மூன்றாம் வகுப்பு உரிமம் எடுத்தவர்கள் 7.5 டன் வரை அப்படியே ஓட்டலாம், அதனால் இங்கே முதல் தலைமுறையில் வந்த நம்மவர்கள் பலர் புது உரிமம் எடுக்காமலே யூனிமாக் ஓட்டலாம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

என்ஜின் கேபினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் கேட்1இல் உள்ளேயே கேபினுக்கும் பெட்டிக்கும் போய்வர வழி வைக்க முடியாது. இரவில் ஏதாவது என்றால் கதவைத் திறந்து வெளியே இறங்காமல் ஓட்டுநர் இருக்கைக்குப் போய் வண்டியைக் கிளப்ப வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். அப்புறம் அகலம் 2.5 மீட்டர். மலைக் கிராமத்துச் சந்துகளில் அந்த அகலம் எனக்கு வேண்டாம். குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு நீங்கள் சொல்வது நியாயம்தான். இரண்டு பேருக்கு யூனிமாக் போதும் என்பதில் நானும் மாறமாட்டேன்.

ஆல்ப்ஸ்_அடிவாரம்:

வணக்கம் அண்ணை, நான் சுவிஸில் இருக்கிறன். நானும் கணவரும் ராணுவத்தின்ர தொலைத்தொடர்புப் பெட்டி, அதுதான் எஃப்எம்2 என்று சொல்லுற அலுமினியப் பெட்டியை வாங்கி யூனிமாக்கில் ஏற்றியிருக்கிறோம். புதுசாப் பெட்டி செய்விக்க நினைக்கிறவைக்குச் சில விஷயம் சொல்ல வேணும்.

உள் உயரம் ஏறத்தாழ 1.9 மீட்டர், அகலம் 2 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். குறுக்காகப் படுக்கலாம், அதனால் நீளம் மிச்சம். சுவருக்குள்ளே நுரை இருக்கு. ஆனால் வெளித்தகடும் உள்தகடும் அலுமினியச் சட்டங்களால் இணைந்திருக்கிறபடியால் குளிர் நேரே உள்ளே வரும். பனிக்காலத்தில் அந்தச் சட்டம் ஓடுற இடமெல்லாம் கோடு கோடாக ஈரம் பூக்கும், மெத்தைக்குக் கீழே கவனிக்காமல் விட்டால் பூஞ்சணம். உள்ளே முழுக்க இன்னொரு அடுக்குக் காப்பு ஒட்ட வேணும், மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி வேணும். ஜன்னல் வெட்டினால் அந்தச் சட்டங்களை வெட்டாமல் இடம் பார்க்க வேணும். கண்ணாடியிழைத் தகடு ஒட்டின நுரைப் பலகையில் புதுப் பெட்டி கட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விலை கூட. பழைய பெட்டியின்ர பெருமை என்னவென்றால் மரக்கிளை அடித்தாலும் அசையாது.

சூடாக்கி பற்றி: டீசலில் ஓடுற காற்றுச் சூடாக்கிதான் நல்லது, எரிபொருள் ஒன்றே போதும். எரிவாயு சிலிண்டரின்ர வாய் நாட்டுக்கு நாடு வேறு, மொரோக்கோவில் நிரப்ப அலைஞ்ச ஆட்களைக் கண்டிருக்கிறன். ஆனால் உயரமான கணவாயில் காற்று மெலிசாகி, டீசல் சரியாக எரியாமல் சூடாக்கிக்குள்ளே கரி பிடிக்கும். உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கிற பாகம் உள்ள சூடாக்கியாகப் பார்த்து வாங்குங்கோ. லித்தியம் பேட்டரியை வெளிப்பெட்டியில் வையாதேங்கோ. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த நிலையில் அதைச் சார்ஜ் செய்தால் பழுதாகும். தண்ணீர் டேங்கும் அப்படித்தான், சூடான பெட்டிக்குள்ளேயே தாழ வையுங்கோ.

சாலைக் கட்டணமும் பாருங்கோ. 3.5 டன்னைத் தாண்டினால் சுவிஸில் வழக்கமான ஒட்டுச்சீட்டு செல்லாது, கனரக வண்டிக் கட்டணம் கட்ட வேணும். ஆஸ்திரியாவில் கண்ணாடியில் ஒரு கருவி மாட்டி, ஓடுற தூரத்துக்குக் காசு.

சின்னவண்டி:

எல்லாவற்றையும் ஆர்வமாகப் படித்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இங்கே படிக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் போகப்போவது நார்வே, மொரோக்கோ, துருக்கி. அங்கே 3.5 டன் நான்கு சக்கர இயக்க வேன் போகாத இடம் என்ன இருக்கிறது? கார் ஓட்டும் பி உரிமம் போதும், 110இல் அமைதியாக ஓடும், பாதி டீசல், நகரத்துக்குள் நிறுத்தலாம். பழைய டீசல் என்பதால் யூனிமாக்குக்கு ஜெர்மன் நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் போகத் தேவையான ஸ்டிக்கரே கிடைக்காது. குடும்பப் பணத்தையும் வார இறுதிகளையும் ஆண்டுக்கணக்கில் இதில் கொட்டும் முன் இளைஞர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ரூர்க்கரை:

நல்ல கேள்வி, நேராகப் பதில் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறையில் போய்வருகிறவர் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, வேன் வாங்கட்டும். 3.5 டன் வேனின் சிக்கல் அதன் எல்லையே. கட்டி முடித்த வேனில் தண்ணீரும் டீசலும் இரண்டு பேரும் ஏறியவுடன் எடை தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் ஊர்ப்பக்கமே போகாமல் இருக்க வேண்டும், ஆற்றைக் கடக்க வேண்டும், மணலில் தினமும் ஓட்ட வேண்டும் என்பவருக்கு வேனின் ஆக்சிலும் டயரும் போதாது. யூனிமாக் அந்த வேலைக்காகவே செய்யப்பட்டது.

மாசு மண்டலத்துக்கு எச் எண்பலகை ஒரு வழி. 30 வயதைத் தாண்டிய வண்டிக்குத் தருகிறார்கள், ஸ்டிக்கர் இல்லாமலே உள்ளே போகலாம், வரியும் ஆண்டுக்கு 191 யூரோ சொச்சம் என்று நிலையானது. ஆனால் புதிய பெட்டி, புதிய ஜன்னல் என்று மாற்றிவிட்டால் அந்தக் கால வண்டியாக ஏற்கமாட்டார்கள். பழைய ராணுவப் பெட்டியோடு, அந்தக் காலத்தில் செய்திருக்கக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொண்டால்தான் வாய்ப்பு. இதைக் கட்டிய பிறகு கேட்காதீர்கள். பரிசோதிக்கும் பொறியாளரிடம் வரைபடத்தோடு முதலிலேயே போய்ப் பேசுங்கள். வீட்டு வண்டியாகப் பதிய இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல், பொருள் வைக்கும் இடம் ஆகியவை நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

கொங்கு_ஸ்டீயரிங்:

அண்ணா, நான் கோயம்புத்தூர். இரண்டு கேள்வி. ஒன்று, நம்ம ஊரில் ராணுவம் ஏலம் விடும் ஸ்டாலியன் லாரியில் இதையே செய்ய முடியுமா? இரண்டு, நீங்கள் உங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு இங்கே வர முடியுமா? வந்தால் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

பட்டறைவாசி:

தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். இரும்பு வேலை கஷ்டமே இல்லை. ஸ்டாலியனும், அதற்கு முன் மேன் உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்த சக்திமானும் நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் வண்டிகள். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்கள் உள்ளே வீடே கட்டிவிடுவார்கள். கஷ்டம் பதிவில்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஏலத்தில் எடுக்கும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் என்ன வகையில் பதிய முடியும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேச்சை நம்பி லாரியை இழுத்து வராதீர்கள். இன்னொன்று, மத்திய மோட்டார் வாகன விதி 121. ராணுவம் தவிர வேறு யாரும் வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது. வாங்கியவுடன் பெயின்ட்தான் முதல் செலவு.

ரூர்க்கரை:

சாப்பாட்டு அழைப்புக்கு நன்றி தம்பி, மனதில் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டு வண்டியை இந்தியாவுக்குள் கொண்டுவர கார்னே என்ற சுங்கப் பத்திரம் வேண்டும், ஜெர்மனியில் ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் பிணைத்தொகை வாங்கிக்கொண்டு தருகிறது. வண்டியைத் திரும்ப வெளியே கொண்டுபோய் முத்திரை வாங்கினால்தான் அந்தப் பணம் திரும்பும். பழைய பாதை துருக்கி, ஈரான், பாகிஸ்தான், அப்புறம் வாகா வழியாக அட்டாரி. 2025 ஏப்ரலில் அட்டாரி சோதனைச்சாவடியை இந்தியா மூடியது. அதனால் இப்போது திட்டம் போடுகிறவர்கள் கப்பல் வழியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிறம் பற்றிப் பட்டறைவாசி சார் சொன்னது ஐரோப்பாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் பொருந்தும். ராணுவத்தின் மூன்று நிற மறைப்புப் பெயின்டோடு எல்லைக்குப் போனால் தேவையில்லாத கேள்விகள் வரும். மணல் நிறம், வெள்ளை, நீலம், எதுவானாலும் சரி, பச்சை வேண்டாம். வெளிர் நிறம் வெயிலில் பெட்டிச் சூட்டையும் குறைக்கும்.

ஆல்ப்ஸ்_அடிவாரம்:

அண்ணை, இன்னொரு கேள்வி. கணவருக்குப் பின்னால ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் தொங்க விட ஆசை. 150 கிலோதான், மொத்த எடையில் இடமும் இருக்கு. ஏற்றலாமோ?

ரூர்க்கரை:

மொத்த எடையில் இடம் இருந்தாலும் ஆக்சிலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 3.25 மீட்டர். பைக் பின் ஆக்சிலிலிருந்து 2.2 மீட்டர் தள்ளித் தொங்கும் என்று வைத்துக்கொள்வோம். 150ஐ 3.25ம் 2.2ம் சேர்ந்த 5.45ஆல் பெருக்கி 3.25ஆல் வகுத்தால் ஏறத்தாழ 250 வருகிறது. அதாவது 150 கிலோ பைக் பின் ஆக்சிலில் 250 கிலோவாக உட்காரும், முன் ஆக்சிலிலிருந்து 100 கிலோவைத் தூக்கிவிடும். ஸ்டெப்னியும் பின்னால்தான் தொங்குகிறது என்றால் அதுவும் இப்படியே. செங்குத்தான மணல்மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது.

எனவே முதலில் ஸ்டெப்னியைக் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். தண்ணீரும் பேட்டரியும் பின் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கட்டும். அப்படியும் பைக் வேண்டும் என்றால் அதன் கொக்கியை பெட்டிச் சுவரில் மாட்டாதீர்கள், துணைச்சட்டத்தோடு சேர்த்து வெல்டு செய்யுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு மடக்கு சைக்கிள் போதும்.

கொங்கு_ஸ்டீயரிங்:

ஏலத்தில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள் அண்ணா. அடுத்த ஆண்டு என் மச்சான் வேலைக்காக அங்கே வருகிறார், அவருக்கு இந்த ஆசை தொற்றிவிட்டது.

ரூர்க்கரை:

ஜெர்மன் அரசு கழித்த பொருளை விற்பது வேபெக் என்ற அரசு நிறுவனம். மூடிய விலைக்கேட்பு, மற்றவர் என்ன கேட்டார் என்று தெரியாது, அதனால் உங்கள் உச்ச விலையை முதலிலேயே முடிவு செய்துகொண்டு எழுதுங்கள். உத்தரவாதம் கிடையாது. வண்டி நிற்கும் இடத்துக்கு நேரில் போய்ப் பார்க்காமல் விலை எழுத வேண்டாம். ராணுவத்தில் ஓடிய வண்டிக்குப் பொதுப் பதிவு இருக்காது, பரிசோதனை முழுதாகச் செய்து புதிதாகப் பதிய வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

கிலோமீட்டர் குறைவாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நிறைய நாள் நின்ற வண்டியில் ரப்பர் எல்லாம் போயிருக்கும், பிரேக் பிஸ்டன் ஒட்டியிருக்கும், காற்றுக் குழாய் வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் உற்பத்தி வாரமும் ஆண்டும் இருக்கும், பள்ளம் முழுசாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருந்தால் நான்கையும் மாற்ற வேண்டும். மாற்றும்போதே 12.5 ஆர்20க்குப் பதில் 395/85 ஆர்20 போடுகிறவர்கள் அதிகம். தரை இடைவெளி கூடும், 80இல் என்ஜின் சத்தமும் கொஞ்சம் குறையும், ஆனால் ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்து பத்திரத்தில் ஏற்ற வேண்டும்.

துருவுக்குக் கேபின் தரை, படிக்கட்டு, முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் ஓரம், பேட்டரிப் பெட்டி. கால்மிதியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சேஸில் புதிதாகப் பெயின்ட் அடித்த இடம் இருந்தால் அங்கே முதலில் பாருங்கள்.

நான்கு சக்கரத்தின் போர்ட்டல் பெட்டியிலும் எண்ணெய் அளவுத் திருகைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பளபளவென்று இரும்புத்தூள் வந்தால் பேரிங் போகிறது. சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் சீல் போயிற்று. சீல் விலை பெரிதில்லை, ஆனால் அதை மாற்றப் பிரிக்கும் வேலை பெரிது. டிஃபரன்ஷியல் லாக், நான்கு சக்கர இணைப்பு இரண்டும் காற்றில் வேலை செய்கின்றன. காற்றுத் தொட்டி நிறைந்த பிறகு என்ஜினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள், எங்கே சீறுகிறது என்று தெரியும். மச்சான் வரும்போது சொல்லுங்கள், நானும் கூட வந்து பார்க்கிறேன். கைவிளக்கும், அழுக்கானால் பரவாயில்லை என்ற உடுப்பும் எடுத்து வரச் சொல்லுங்கள். வண்டிக்கு அடியில்தான் பாதி நேரம் போகும்.